சம்பாவுக்கு ஒரு ஸ்கேன், சொர்ணவாரிக்கு ஒரு ஸ்கேன்

என் வீட்டுக்காரர் பெயர் பச்சமுத்து. இதை எழுதவே எனக்குக் கை வரவில்லை. இருபத்தெட்டு வருஷம் ‘யோவ்’, ‘இன்னாய்யா’ என்றே காலம் தள்ளிவிட்டேன். ரேஷன் கடையில் புருஷன் பெயர் கேட்டால்கூட வாயைத் திறக்காமல் கார்டைத்தான் நீட்டுவேன். வெட்கமெல்லாம் ஒன்றும் இல்லை. வெட்கம் என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. பழக்கம் அப்படி ஆகிப்போனது, அவ்வளவுதான்.

உத்திரமேரூரிலிருந்து ஏழு கிலோமீட்டர் உள்ளே எங்கள் ஊர். ஏரிப் பாசனத்தில் அவருக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் கழனி. அதில் நெல்லைத் தவிர வேறெதுவும், ஒரு வேர்க்கடலைகூட, அவர் போட்டதில்லை. “ஒரு போகம் மல்லாட்ட போட்டுப் பாரேன்யா” என்று நான் சொன்னால், “ஏரித் தண்ணி பாயற கழனியிலயா?” என்று சிரிப்பார். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர் என்னை மீறியது. மற்றபடி சட்டைத் துணி எடுப்பதிலிருந்து நாற்று விடுகிற நாள் வரைக்கும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் செய்வார். நான் நூறு நாள் வேலையில் பொறுப்பாளராக இருக்கிறவள். அறுபது எழுபது பேரை வெயிலில் நிறுத்திப் பேர் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை பெருத்துவிட்டது. அந்தத் தொண்டையோடுதான் வீட்டுக்கும் வருவேன். பாவம், மனுஷன் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார். நான் கத்தி முடிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு, “சரி, சாப்டலாமா?” என்பார்.

அவர் செத்தது ஈரல் புற்றுநோயில். சாராயம், பீடி, வெற்றிலை எதுவும் தொடாதவர். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவருடைய அக்கா செல்லம்மாளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். ரத்தம் வேண்டுமென்றார்கள். இவர் முதல் ஆளாகக் கையை நீட்டினார். எடுத்த ரத்தத்தைச் சோதித்துவிட்டு, இது வேண்டாம், நீங்கள் ஒரு தடவை வந்து டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். போனால், ரத்தத்தில் மஞ்சள் காமாலை பி கிருமி இருக்கிறதாம். ஒரு நாள் கூட அவருக்குக் கண் மஞ்சளாகி நான் பார்த்ததில்லை. பிறக்கும்போது தாயிடமிருந்து வந்திருக்கலாம், முடிவெட்டுகிற பிளேடில் வந்திருக்கலாம், எப்போதோ போட்ட ஊசியில் வந்திருக்கலாம், இத்தனை வருஷம் கழித்து எப்படித் தெரியும் என்றார்கள். வயிற்றை ஸ்கேன் எடுத்ததில், ஈரலில் தழும்பு விழுந்து சுருங்க ஆரம்பித்திருப்பது தெரிந்தது. என்னையும் மகள் கீர்த்தியையும் சோதித்தார்கள். எங்களுக்கு இல்லை. தடுப்பூசி போட்டு அனுப்பினார்கள்.

ஊருக்கு ஈரல் என்ற சொல் போதாதா? “ஈரல் கெட்டுப்போச்சாமே, யாருக்கும் தெரியாம ஊத்திக்கினு இருந்திருப்பாரு” என்று குழாயடியில் ஒருத்தி சொன்னாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, “உன் வூட்டுக்காரன் வாய மோந்து பாத்துட்டு வந்து என் வூட்டுக்காரனப் பத்திப் பேசுடி” என்றேன். அதற்குப் பிறகு என் காது கேட்க யாரும் பேசவில்லை.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சுபாஷ்ரீ என்று ஒரு டாக்டரம்மா. வயசு முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். பொறுமையாகப் பேசுவார்.

“தினமும் ஒரு மாத்திரை. அது கிருமியை அடக்கி வைக்கும். ஆனா ஏற்கெனவே தழும்பு விழுந்த ஈரல் இது, மாத்திரை சாப்பிட்டாலும் இதுல கட்டி வரலாம். வந்தா வலிக்காது, காய்ச்சல் வராது, பசி குறையாது. சின்னதா இருக்கும்போது உங்களுக்குத் தெரியவே தெரியாது. தெரிய வரும்போது பெருசா ஆயிடும். அதனால ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து ஸ்கேன் எடுக்கணும், கூடவே ஒரு ரத்த டெஸ்ட்.”

“ஒண்ணும் இல்லன்னாலும் வரணுமாம்மா?” என்று இவர் கேட்டார்.

“ஒண்ணும் இல்லாதப்பதான் வரணும்” என்றார் அவர்.

தேதி எழுதி ஒரு அட்டை கொடுத்தார்கள். பஸ்ஸில் வரும்போது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஆறு மாசம்னா எப்ப வரும்?” என்று என்னைக் கேட்டார். அவருக்கு ஜனவரி, ஆகஸ்ட் எல்லாம் காதில் விழுந்தாலும் மனசில் ஏறாது. கல்யாணம், சாவு, கீர்த்தி பிறந்தது, எல்லாவற்றுக்கும் நெல் போகக் கணக்குத்தான். நவரையில் நடந்தது, சம்பா களை எடுக்கும்போது நடந்தது என்றுதான் சொல்வார். நான் விரலை மடக்கிப் பார்த்தேன். சம்பா அறுப்பு தையில். சொர்ணவாரி அறுப்பு ஆவணியில். நடுவில் ஆறு ஏழு மாசம். கச்சிதமாக உட்கார்ந்தது.

“சம்பா அறுத்தா ஒரு ஸ்கேன், சொர்ணவாரி அறுத்தா ஒரு ஸ்கேன். அவ்ளோதான்யா. இதுக்கு எதுக்கு அட்ட?” என்றேன்.

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கும் என் மூளையை நினைத்துப் பெருமை. அடுத்த முறை டாக்டரம்மாவிடமே இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, “எப்படியோ வந்தா சரி, இருந்தாலும் தேதியையும் பாத்துக்கோங்க” என்றார். அந்த அட்டையை டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் போட்டேன். அதற்கப்புறம் அதை எடுக்கவே இல்லை.

குற்றம் சொல்லக் கூடாது, அந்தக் கணக்கு ஏழு வருஷம் பிசகாமல் ஓடியது. களத்தில் நெல் தூற்றி மூட்டை கட்டிய மறு வாரம் அவரே வெள்ளை வேட்டியை எடுத்து வைப்பார். வெறும் வயிற்றோடு முதல் பஸ் ஏறி, திருமுக்கூடல் பாலம் தாண்டி, எட்டு மணிக்கெல்லாம் செங்கல்பட்டில் வரிசையில் நிற்போம். ஸ்கேன் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாஷ்டா. பூரி இரண்டு செட் சாப்பிடுவார். அவருக்கு அது ஒரு திருவிழா. கொரோனா வருஷத்தில் பஸ் இல்லாதபோதுகூட எக்செல் வண்டியில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனார். போலீஸ் நிறுத்தினால் நான் பேசிக்கொள்வேன் என்ற தைரியம்.

நடுவில் ஒரு தடவை எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஸ்கேனில் எட்டு மில்லிமீட்டர் அளவில் ஏதோ புள்ளி. “ஒரு சென்டிமீட்டருக்குக் கீழதான் இருக்கு, பயப்பட வேண்டாம். மூணு மாசத்துல திரும்பப் பாக்கலாம். வளர்ந்தா பெரிய ஸ்கேன் எடுக்கணும்” என்றார் டாக்டரம்மா. அந்த மூன்று மாசம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. திரும்பப் போனோம். அப்படியே இருந்தது. அதற்கடுத்த மூன்று மாசத்திலும் அப்படியே இருந்தது. வெளியே வந்ததும் அழுதேன். அதோடு எனக்குப் பயம் விட்டுப்போனது. பயம் விட்ட இடத்தில் திமிர் வந்து உட்கார்ந்தது. நாமதான் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறோமே, நமக்கு என்ன வந்துவிடும் என்ற திமிர்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கார்த்திகையில் புயல் அடித்ததே, அந்த வருஷம் சம்பா நெல் பால் பிடித்து நின்ற நேரம். மூன்று நாள் மழையில் எங்கள் கழனிப் பக்கம் வாய்க்கால் கரை உடைத்துக்கொண்டது. தண்ணீர் வடிய இரண்டு வாரம் ஆனது. வடிந்த பிறகு பார்த்தால் பயிர் அழுகிக் கறுத்து, அதன்மேல் முழங்கால் உயரம் மணல். அறுக்க ஒரு கதிர் இல்லை. அவர் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அங்கேயும் போய்க் கத்தினேன், உட்கார்ந்து பார்த்தால் மணல் போய்விடுமா என்று.

தை பிறந்தது. கீர்த்திக்கு ஏழாம் மாசம். வளைகாப்புக்கு ஆள் அழைக்க வேண்டும். இன்னொரு பக்கம், பயிர்ச் சேதம் எழுதிப் போனதில் எங்கள் சர்வே நம்பரை விட்டுவிட்டார்கள் என்று நான் ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருக்கிறது. அவர் வந்து நிலைப்படியில் நின்றார்.

“பாஞ்சாலி, ஆஸ்பத்திரிக்கு ஒரு நட போயிட்டு வந்துடலாமா?”

இன்றைக்கும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது. ஒரு அவசரமும் இல்லாமல் கேட்டார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எதுக்குய்யா? அறுப்பு எங்க வந்துச்சு? ஒரு மூட்ட நெல்லு வூட்டுக்கு வந்துச்சா? அறுப்பே இல்ல, ஆஸ்பத்திரி இன்னாத்துக்கு? நல்லாதான கீற? மாத்திரயும் போட்டுக்கினுதான கீற? நானே இங்க பேஜார்ல கீறேன், நீ வேற. ஆவணிக்குச் சேத்துப் பாத்துக்கலாம், போ.”

“சரி” என்றார். போய்விட்டார்.

காசு இல்லாமல் சொல்லவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரி, பஸ்ஸுக்கும் பூரிக்கும்தான் செலவு. எனக்கு அந்த நேரத்துக் கோபம், அதை அவர்மேல் போட்டேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சமாவது மனசு ஆறும்.

ஆவணிக்கு அறுப்பு வரவில்லை. மணலை வாராததால் சொர்ணவாரி போடவே இல்லை, கழனி சும்மா கிடந்தது. சித்திரையில் பேரன் பிறந்தான். குழந்தை, எண்ணெய், தொட்டில், பார்க்க வருகிறவர்கள், இதிலேயே என் நாள் போனது. மாத்திரையை உத்திரமேரூர் மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி மாசாமாசம் நானே வாங்கி வந்துவிடுவேன். ஸ்கேன் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அறுப்பு வந்தால்தானே அந்த நினைப்பு வரும்? அவராவது இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது போதும் என்று இருந்திருப்பார்.

புரட்டாசியில் அவருடைய அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் இறங்கியது. இன்னொரு முடிச்சுப் போட்டுக்கொண்டார். “பேரனத் தூக்கித் தூக்கி எளச்சிட்டியே” என்று கேலி செய்தேன். ஐப்பசியில் மணலை வாரி, மறுபடி சம்பா நடவு. நாற்று முடிகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர் பாதி வழியில் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் ஓடினேன்.

“இன்னாய்யா ஆச்சு?”

“ஒண்ணுமில்ல. வலப்பக்கம் கல்லு வச்சாப்ல கீது.”

“எத்தினி நாளா?”

“ஆடியிலருந்து.”

வீட்டுக்கு ஓடிவந்து டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து ஸ்கேன் சீட்டுகளைத் தேடினேன். கடைசி ஸ்கேன் போன வருஷம் ஆவணியில். விரல் விட்டு எண்ணினேன். பதினாலு மாசம்.

மறுநாள் போனோம். வயிற்றில் ஜெல்லைத் தடவிக் கருவியை நகர்த்திக்கொண்டிருந்த பெண் எப்போதும் அவரோடு நெல் விலை பேசுகிறவள். அன்றைக்குப் பேசவில்லை. ஒரே இடத்தில் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போனாள். அப்புறம் பெரிய ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றி, மருந்து ஈரலுக்குள் போகப் போக மூன்று தடவை படம் பிடிக்கிற ஸ்கேன். “ஒடம்பெல்லாம் சுடுதண்ணி ஊத்தனாப்ல இருந்துச்சு மே” என்று வெளியே வந்து சொன்னார்.

டாக்டரம்மா படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு வைத்துக்கொண்டு எங்களை உட்காரச் சொன்னார். ஏழரை சென்டிமீட்டர் கட்டி. ஈரலுக்குள் போகிற பெரிய ரத்தக்குழாய்க்குள்ளும் நுழைந்திருக்கிறது. ரத்த டெஸ்டிலும் அளவு ஏறியிருக்கிறது. புற்றுநோய் என்ற சொல்லை அவர் சொன்னதும் நான் சண்டைக்குப் போனேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே.

“சதைய எடுத்துப் பாக்காம எப்பிடிம்மா சொல்றீங்க? எங்க ஊர்ல மார்ல கட்டி வந்தவளுக்கெல்லாம் சதை எடுத்துப் பாத்துட்டுதான் சொன்னாங்க.”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. படத்தை என் பக்கம் திருப்பினார். “தழும்பு விழுந்த ஈரலுக்கு இந்தப் படமே போதும்மா. பாருங்க, மருந்து ஏத்தினதும் மத்த இடத்துக்கு முன்னாடி இந்தக் கட்டி பளிச்சுனு ஆயிடுச்சு. அடுத்த படத்துல, மத்த ஈரல்ல மருந்து இருக்கும்போதே கட்டியில மட்டும் வடிஞ்சு போச்சு. இப்படி இருந்தா சந்தேகமே இல்லை.”

இவர் எட்டிப் பார்த்தார். “வாய்க்கா ஓரம் மேட்டுக் கழனி மாதிரி. மொதல்ல தண்ணி ஏறும், மொதல்ல காஞ்சிடும்” என்றார்.

“ஆபரேஷன் பண்ண முடியாதாம்மா?” என்று கேட்டேன்.

“இப்ப முடியாது. ரெண்டு சென்டிமீட்டர்ல கிடைச்சிருந்தா ஊசி மாதிரி ஒண்ணை உள்ள விட்டு அங்கேயே சுட்டு எரிச்சிருக்கலாம். இல்ல, வெட்டி எடுத்திருக்கலாம். இனிமே மாத்திரை கொடுத்து வேகத்தைக் குறைக்கத்தான் பாக்கணும்.” பைலைப் புரட்டினார். அவர் முகம் மாறியது. “பதினஞ்சு தடவை ஒழுங்கா வந்திருக்கீங்க. அப்புறம் ஏன் வரல? ஜனவரியில வந்திருக்கணும், ஆகஸ்ட்ல வந்திருக்கணும். வீட்ல யாருமே ஞாபகப்படுத்தலையா?” கடைசிக் கேள்வியை என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் இவர் முந்திக்கொண்டார். இருபத்தெட்டு வருஷத்தில் எனக்கு முந்தி அவர் பேசியது அன்றைக்குத்தான்.

“அவ சொல்லிக்கினேதான் இருந்தாம்மா. தெனமும் சொன்னா. நான்தான் வரமாட்டேன்னுட்டேன். ஒடம்புல ஒண்ணும் தெரியல, எதுக்கு அலையணும்னு இருந்துட்டேன். தப்பு எம்மேலதான்.”

டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டார். “அவங்க பேச்சைக் கேட்டிருக்கலாமே சார்” என்றார். நான் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இல்லைம்மா, இவர் பொய் சொல்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டார். பாலாறு வந்ததும் கேட்டேன்.

“ஏன்யா அப்பிடிப் பொய் சொன்ன?”

“அந்தம்மா உன்னத் திட்டனா கட்டி கரஞ்சிடுமா?” என்றார். “வுடு. கீர்த்தியாண்டயும் இப்பிடியேதான் சொல்லப்போறேன். நீ நடுவுல பூந்து எதுனா ஒளறாத.”

அப்படியே சொன்னார். கீர்த்தியிடம் சொன்னார், செல்லம்மாளிடம் சொன்னார், பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். “பாஞ்சாலி தலபாடா அடிச்சிக்கினா, நான்தான் கேக்கல” என்று அவர் சொல்லும்போதெல்லாம் நான் மோர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன். ஊரே ஆச்சரியப்பட்டது, எல்லாவற்றுக்கும் பொண்டாட்டி முகத்தைப் பார்க்கிற ஆள் இதில் மட்டும் எப்படி முரண்டு பிடித்தான் என்று. வயிறு வீங்கியது. கால் வீங்கியது. கண் மஞ்சளானது. சில நாள் என்னைத் தெரியாமல் யாரென்று கேட்டார். ஏழு மாசம் இருந்தார். அந்த ஏழு மாசத்தில் அவர் காலைப் பிடித்துக்கொண்டு என்னை மன்னித்துவிடு என்று சொல்ல எனக்கு எத்தனையோ நேரம் கிடைத்தது. நாளைக்குச் சொல்லலாம், கொஞ்சம் தெளிவாக இருக்கும்போது சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். வைகாசியில் ஒரு மத்தியானம் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம். ஐயர் சடங்கை முடித்துக் கிளம்பிவிட்டார். படத்துக்கு முன்னால் சொந்தக்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பேரன் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். செல்லம்மாள் அண்ணி படத்தைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார்.

“டேய் பச்சமுத்து! சொக்கா எடுக்கக்கூட இவளக் கேட்டியேடா! தெனமும் சொன்னாளாமேடா, ஆஸ்பத்திரிக்குப் போ போன்னு! இந்த ஒண்ணுல மட்டும் இவ பேச்சக் கேக்காமப் பூட்டியேடா பாவி!”

சுற்றியிருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒருத்தி என் முதுகைத் தடவினாள். கீர்த்தி மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ஆமா அத்த. அம்மா சொன்னத நைனா கேட்டிருந்தா இன்னிக்கி உக்காந்து பேரனக் கொஞ்சிக்கினு இருப்பாரு” என்றாள்.

செத்த மனுஷனைப் பதினாறாம் நாள் அவர் படத்துக்கு முன்னாலேயே வைத்துத் திட்டுகிறார்கள். அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

“கேட்டாரு” என்றேன். “இதுலயும் எம் பேச்சத்தான் கேட்டாரு. தை மாசம் போலாமான்னு வந்து நின்னாரு. அறுப்பே இல்ல, ஆஸ்பத்திரி எதுக்குன்னு நான்தான் தொரத்துனேன். சரின்னு பூட்டாரு. என்ன யாரும் ஏசக் கூடாதுன்னு உங்க எல்லாராண்டயும் பொய் சொல்லிட்டுச் செத்தாரு.”

செல்லம்மாள் அண்ணி அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என் முதுகில் இருந்த கை விலகியது. கீர்த்தி எழுந்து வந்தாள். குனிந்து, தூங்குகிற குழந்தையை என் மடியிலிருந்து தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.